‘லைக்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையில்லாமல் பயன்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே வந்துவிடும் சொல் ‘லைக்’. ஆனாலும் வேலை நேர்காணல் வரைக்கும் அதில் தவறு தொடர்ந்துகொண்டே வருகிறது. ‘எனக்குப் பிடிக்கும்’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்குவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். ஆங்கில வாக்கியங்களைக் கீழே ஒற்றை மேற்கோளுக்குள் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதில் ‘எனக்கு’ இருக்கிறதே. அதற்கு ‘டு மீ’ அல்லது ‘ஃபார் மீ’ போட வேண்டாமா?

வேண்டாம். தமிழில் ஆள் நான்காம் வேற்றுமையில் ‘கு’ உருபோடு நிற்கிறார். ஆங்கிலத்தில் ஆள் எழுவாயாகி முன்னால் வந்துவிடுவார், காபி செயப்படுபொருளாகிவிடும்: ‘ஐ லைக் காபி.’ அப்பாவுக்குப் பிடிக்கும் என்றால் ‘மை ஃபாதர் லைக்ஸ் காபி.’ ‘ஃபார் மை ஃபாதர் லைக்ஸ்’ என்று தொடங்கினால் வாக்கியம் எழுவாய் இல்லாமல் தொங்கும்.

வினைச்சொல் யாருக்கு ஏற்ப மாறும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. ‘மை பேரன்ட்ஸ் லைக் காபி’ என்பதில் ‘ஸ்’ கிடையாது, ஏனென்றால் பெற்றோர் இருவர். ‘மை மதர் லைக்ஸ் மேங்கோஸ்’ என்பதில் ‘ஸ்’ உண்டு. மாம்பழம் எத்தனை இருந்தாலும் கணக்கில்லை, பிடிக்கிற ஆள் ஒருவர்தான். கேள்வியிலும் மறுப்பிலும் அந்த ‘ஸ்’ துணைவினைக்குப் போய்விடும்: ‘டஸ் ஷி லைக் இட்?’, ‘ஷி டஸன்ட் லைக் இட்.’ ‘டஸ் ஷி லைக்ஸ்’ என்று இரண்டு இடத்திலும் போடக் கூடாது.

‘ஹூ லைக்ஸ் முத்து?’, ‘ஹூ டஸ் முத்து லைக்?’ இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவது ‘யாருக்கு முத்துவைப் பிடிக்கும்?’ என்று கேட்கிறது. இரண்டாவது ‘முத்துவுக்கு யாரைப் பிடிக்கும்?’ தமிழில் ‘யாருக்கு’, ‘யாரை’ என்ற உருபே வேறுபாட்டைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் சொல் வரிசையும் ‘டஸ்’ என்பதும் மட்டும்தான் காட்டும். ‘யாருக்கு’ என்று வந்தால் ‘டஸ்’ இல்லை, ‘யாரை’ என்று வந்தால் ‘டஸ்’ உண்டு என்று பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது.

‘ஐ ஆம் லைக் காபி’ என்றால் ஏன் சிரிக்கிறார்கள்?

‘நான் காபி மாதிரி இருக்கிறேன்’ என்று அர்த்தமாகிவிடுகிறது. ‘லைக்’ என்ற ஒரே வடிவம் ‘பிடிக்கும்’ என்ற வினையாகவும் ‘போல, மாதிரி’ என்ற உவமைச் சொல்லாகவும் வரும். முன்னால் ‘ஆம், இஸ், ஆர், வாஸ்’ வந்தால் அது ‘மாதிரி’ ஆகிவிடும். ‘ஹி லைக்ஸ் மீ’ என்றால் அவருக்கு என்னைப் பிடிக்கும். ‘ஹி இஸ் லைக் மீ’ என்றால் அவர் என்னை மாதிரி. ‘பிடிக்கும்’ என்ற பொருளில் ‘லைக்’குக்கு முன்னால் ‘ஆம், இஸ், ஆர்’ போடவே வேண்டியதில்லை.

‘பிடிக்கும்’, ‘பிடிச்சிருக்கு’, ‘பிடிச்சிருந்தது’, ‘பிடிச்சுப்போச்சு’ என்று தமிழில் இத்தனை இருக்கிறது. ஆங்கிலத்தில் எந்தக் காலம் போடுவது?

அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘எனக்கு இட்லி பிடிக்கும்.’ தமிழ் வடிவத்தைப் பார்த்தால் எதிர்காலம், ஆனால் பொருள் எப்போதும் உள்ள விருப்பம். ஆங்கிலத்தில் சாதாரண நிகழ்காலம்: ‘ஐ லைக் இட்லி.’ ‘ஐ வில் லைக் இட்லி’ என்றால் ‘இனிமேல்தான் பிடிக்கப்போகிறது’ என்று ஆகும்.

‘இந்தப் புடவை பிடிச்சிருக்கா?’ ‘இருக்கு’ வருகிறதே என்று ‘ஹேவ் யூ லைக்ட் திஸ் சாரி?’ என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். புடவை கண்முன்னே இருக்கிறது, விருப்பம் இப்போது. எனவே ‘டூ யூ லைக் திஸ் சாரி?’ பதிலும் ‘எஸ், ஐ லைக் இட்’ என்றுதான், ‘ஐ ஹேவ் லைக்ட் இட்’ அல்ல. பெண் பார்க்கப் போய் வந்தபின் ‘பிடிச்சிருக்கு’ என்று சொல்லும் இடத்திலும் இதே ‘ஐ லைக் ஹர்’தான்.

‘படம் பிடிச்சிருந்தது.’ படம் பார்த்து முடிந்துவிட்டது, எனவே இறந்தகாலம்: ‘ஐ லைக்ட் தி ஃபிலிம்.’ ‘ஐ ஹேட் லைக்ட்’ தேவையில்லை.

‘படம் பிடிக்கலை.’ பார்த்து முடித்தபின் சொன்னால் ‘ஐ டிட்ன்ட் லைக் தி ஃபிலிம்.’ ‘டிட்ன்ட்’ வந்தபின் ‘லைக்ட்’ வராது. பொதுவாக ‘சண்டைப் படம் பிடிக்காது’ என்றால் ‘ஐ டோன்ட் லைக் ஆக்‌ஷன் ஃபிலிம்ஸ்.’ தமிழில் ‘பிடிக்கலை’, ‘பிடிக்காது’ என்று பிரித்துச் சொல்கிறோமே, அந்தப் பிரிவை ‘டிட்ன்ட்’, ‘டோன்ட்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாக வரும். விதிவிலக்கு ஒன்று உண்டு. கண்ணெதிரே உள்ள பொருளைப் பார்த்து ‘இது பிடிக்கலை’ என்றால் அது நிகழ்காலம்: ‘ஐ டோன்ட் லைக் திஸ் ஒன்.’

‘பிடிச்சுப்போச்சு.’ முன்பு இல்லாத விருப்பம் புதிதாக வந்தது. வெறும் ‘லைக்ட்’ என்றால் அந்த மாற்றம் தெரியாது. ஒரே பார்வையில் பிடித்துப்போனால் ‘ஐ டுக் எ லைக்கிங் டு ஹிம்.’ மெல்ல மெல்லப் பிடித்துப்போனால் ‘ஐ ஹேவ் கம் டு லைக் இட்’ அல்லது ‘இட் க்ரூ ஆன் மீ.’

சின்ன வயதிலிருந்தே பிடிக்கும் என்றால் மட்டும் ‘ஹேவ்’ தாராளமாக வரும்: ‘ஐ ஹேவ் ஆல்வேஸ் லைக்ட் மேத்ஸ்.’ தொடக்கம் அன்று, விருப்பம் இன்றும் தொடர்கிறது.

‘ஐ ஆம் லைக்கிங் திஸ் ஜாப்’ என்று சொல்லலாமா?

தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் வேண்டாம். ‘லைக், லவ், ஹேட், வான்ட், நோ’ போன்றவை நிலையைக் குறிக்கும் வினைகள், நடந்துகொண்டிருக்கும் செயலை அல்ல. அதனால் ‘இங்’ ஏற்பதில்லை. மெக்டொனால்ட்ஸ் 2003 முதல் விளம்பரத்தில் ‘ஐம் லவ்வின் இட்’ என்று சொல்கிறதே என்பீர்கள். அது கவனத்தை இழுப்பதற்காக வழக்கத்தை வேண்டுமென்றே மீறிய பேச்சுநடை. புது ஊர், புது வேலை பற்றி ‘ஹவ் ஆர் யூ லைக்கிங் சென்னை?’ என்று அங்கொன்று இங்கொன்றாக ஆங்கிலேயர், அமெரிக்கர் வாயிலும் கேட்கலாம். ‘இதுவரைக்கும் எப்படிப் போகிறது’ என்ற தொனி அதில் உண்டு. எழுத்தில் ‘ஐ லைக் திஸ் ஜாப்’ அல்லது ‘ஐ ஆம் என்ஜாயிங் திஸ் ஜாப்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘என்ஜாய்’ செயலைக் குறிப்பதால் ‘இங்’ ஏற்கும்.

‘டூ யூ லைக் பிரியாணி?’ என்று கேட்டால் ‘எஸ், ஐ லைக்’ என்று சொல்வது தவறா?

தவறு. ‘லைக்’ செயப்படுபொருள் இல்லாமல் நிற்காது. தமிழில் ‘ஆமா, பிடிக்கும்’ என்று பொருளை விட்டுவிடுவது இயல்பு. ஆங்கிலத்தில் மூன்று வழி உண்டு: ‘எஸ், ஐ டூ’, ‘எஸ், ஐ லைக் இட்’, ‘எஸ், ஐ லைக் இட் எ லாட்.’ பேச்சில் முதலாவதே போதும்.

‘எனக்கும் பிடிக்கும்’ என்பதற்கு ‘மீ டூ’ அல்லது ‘ஸோ டூ ஐ.’ ‘எனக்கும் பிடிக்காது’ என்பதற்கு ‘மீ டூ’ வராது, ‘மீ நைதர்’ அல்லது ‘நைதர் டூ ஐ’ என்று சொல்ல வேண்டும். நம் ‘உம்’ இரண்டுக்கும் பொருந்தும், ஆங்கிலத்தின் ‘மீ டூ’ அப்படி அல்ல.

‘டூ யூ லைக் காபி?’, ‘வுட் யூ லைக் காபி?’ இவற்றில் வீட்டுக்கு வந்தவரிடம் எதைக் கேட்பது?

‘வுட் யூ லைக் சம் காபி?’ என்றுதான். ‘காபி சாப்பிடுறீங்களா?’ என்பதற்கு அதுவே சரியான இணை. ‘டூ யூ லைக் காபி?’ என்றால் உங்களுக்குக் காபி குடிக்கும் வழக்கம் பிடிக்குமா என்று விவரம் கேட்பது. விருந்தாளி ‘எஸ், ஐ டூ’ என்று சொல்லிவிட்டுக் காபி வராமல் உட்கார்ந்திருக்கக்கூடும்.

‘வுட் யூ லைக்’ என்று கேட்டவருக்குப் பதில் ‘எஸ், ப்ளீஸ்’ அல்லது ‘நோ, தேங்க் யூ.’ அழைப்புக்கு, அதாவது ‘வுட் யூ லைக் டு ஜாயின் அஸ்?’ என்றால், ‘ஐட் லவ் டு’ (‘ஐட்’ என்பது ‘ஐ வுட்’ என்பதன் சுருக்கம்). கடைசியில் நிற்கும் அந்த ‘டு’வை விட்டுவிடக் கூடாது.

கடையிலும் உணவகத்திலும் ‘ஐ வான்ட் டூ தோசாஸ்’ என்பது இலக்கணப்படி சரி, ஆனால் காதுக்கு அதட்டலாகப் படும். ‘ஐட் லைக் டூ தோசாஸ், ப்ளீஸ்’ என்றால் பணிவு வந்துவிடும். இதில் ‘ஐட்’ என்பதன் இறுதி ஒலி மெல்லிய ‘ட்’, ‘பேட்’ என்று கிரிக்கெட் மட்டையைச் சொல்லும்போது வரும் வல்லொலி அல்ல. பலர் அதை முழுங்கி ‘ஐ லைக் டூ தோசாஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவருக்கு ‘எனக்கு இரண்டு தோசை பிடிக்கும்’ என்று கேட்கும். வேகமாகச் சொல்லும்போது அந்த ஒலி நிற்கவில்லை என்றால் ‘ஐ வுட் லைக்’ என்று முழுதாகவே சொல்லுங்கள், ஒரு குறையும் இல்லை.

‘ஐ வெரி லைக் இட்’ ஏன் தவறு? ‘ரொம்பப் பிடிக்கும்’ என்று எப்படிச் சொல்வது?

‘வெரி’ வினைக்கு முன்னால் தனியாக நிற்காது. ‘ஐ லைக் இட் வெரி மச்’ அல்லது ‘ஐ ரியலி லைக் இட்.’ இன்னொரு தவறும் உண்டு: ‘ஐ லைக் வெரி மச் திஸ் சாங்.’ ‘லைக்’குக்கும் அதன் பொருளுக்கும் நடுவே எதையும் நுழைக்கக் கூடாது. ‘ஐ லைக் திஸ் சாங் வெரி மச்’ என்று கடைசிக்குத் தள்ளுங்கள்.

‘ரியலி’ எங்கே நிற்கிறது என்பதில் பொருளே மாறும். ‘ஐ டோன்ட் ரியலி லைக் இட்’ என்றால் ‘அவ்வளவாகப் பிடிக்காது’, மென்மையான மறுப்பு. ‘ஐ ரியலி டோன்ட் லைக் இட்’ என்றால் ‘சுத்தமாகப் பிடிக்காது.’ மாமியார் வைத்த குழம்பைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது.

‘லைக் ரீடிங்’, ‘லைக் டு ரீட்’ எது சரி?

இரண்டும் சரி. அமெரிக்க ஆங்கிலத்தில் பெரிய வேறுபாடு பார்ப்பதில்லை. பிரிட்டிஷ் வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. செய்வதில் இன்பம் இருக்கிறது என்றால் ‘இங்’: ‘ஐ லைக் ஸ்விம்மிங்.’ இன்பம் இருக்கிறதோ இல்லையோ, அப்படிச் செய்வது நல்லது என்று கடைப்பிடிக்கும் பழக்கம் என்றால் ‘டு’: ‘ஐ லைக் டு செக் தி டயர்ஸ் பிஃபோர் எ லாங் ட்ரிப்.’ டயரை அழுத்திப் பார்ப்பதில் யாருக்கும் ஆனந்தம் கிடையாது, முன்னெச்சரிக்கை அது.

‘இங்’ மட்டுமே வரும் இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே நடக்கும் நிலையையோ நடந்து முடிந்த நிலையையோ பற்றிச் சொல்லும்போது: ‘ஐ லைக் லிவிங் இன் மதுரை’ (மதுரையில் இப்போது குடியிருக்கிறார்), ‘ஐ லைக்ட் வொர்க்கிங் தேர்.’

‘வுட் லைக்’ வந்துவிட்டால் மறுபேச்சில்லை, ‘டு’ மட்டும்தான்: ‘ஐட் லைக் டு கோ.’ ‘ஐட் லைக் கோயிங்’ என்று சொல்வதில்லை. ‘என்ஜாய்’, ‘டிஸ்லைக்’ இரண்டும் நேர்மாறு, எப்போதும் ‘இங்’தான். ‘லைக்’குக்கு ‘டு’ வருகிறதே என்று ‘என்ஜாய் டு ரீட்’ என்று எழுதிவிடுவார்கள், கவனம்.

‘ஐ லைக் டாக்’ என்பதில் என்ன தவறு?

நாய்க்கறி பிடிக்கும் என்பதுபோல ஒலிக்கும். எண்ணக்கூடிய பொருளைப் பொதுவாகப் பிடிக்கும் என்றால் பன்மை, முன்னால் ‘தி’ இல்லை: ‘ஐ லைக் டாக்ஸ்.’ ‘ஐ லைக் சிக்கன்’ என்றால் கோழிக்கறி, ‘ஐ லைக் சிக்கன்ஸ்’ என்றால் கொல்லையில் மேயும் கோழிகள். எண்ண முடியாத காபி, இசை, மழை ஆகியவை ஒருமையிலேயே நிற்கும். ‘ஐ லைக் தி காபி’ என்று ‘தி’ போட்டால் இந்தக் கடையில் இப்போது குடிக்கும் இந்தக் காபி.

‘நீங்கள் இதைச் சரிபார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதை எப்படிச் சொல்வது?

‘ஐட் லைக் யூ டு செக் திஸ்.’ ஆளை நடுவில் வைத்து, பிறகு ‘டு’. ‘ஐட் லைக் தட் யூ செக்’ என்பது ‘என்று’ என்ற நம் சொல்லை ‘தட்’ ஆக மாற்றியதால் வரும் பிழை. மேலதிகாரியிடம் இதைவிட ‘குட் யூ ப்ளீஸ் செக் திஸ்?’ நல்லது. ‘ஐட் லைக் யூ டு’ என்பதில் பணிவான கட்டளையின் சாயல் இருக்கிறது.

நடக்காமல் போன ஆசைக்கு: ‘ஐ வுட் ஹேவ் லைக்ட் டு கம்.’ கல்யாணத்துக்கு வர ஆசைதான், முடியவில்லை என்று தெரிவிக்கும் கடிதத்துக்கு ஏற்ற வாக்கியம்.

‘ஹவ் டூ யூ லைக் யுவர் டீ?’ என்று ஓட்டலில் கேட்டார்கள். ‘குட்’ என்று சொன்னால் விழிக்கிறார்களே?

உங்களுக்கு டீ எப்படி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்: சர்க்கரை எவ்வளவு, பால் உண்டா, ஸ்ட்ராங்கா லைட்டா. பதில் ‘ஸ்ட்ராங், வித் ஒன் ஸ்பூன் ஆஃப் ஷுகர்.’ குடித்து முடித்தபின் ‘ஹவ் டிட் யூ லைக் தி டீ?’ என்று கேட்டால்தான் கருத்துக் கேட்கிறார்கள். காதில் விழுவது ‘டூ’வா ‘டிட்’டா என்று பாருங்கள்.

‘ஹவ் இஸ் யுவர் பாஸ் லைக்?’ சரியா?

இல்லை. ‘வாட் இஸ் யுவர் பாஸ் லைக்?’ ‘லைக்’ கடைசியில் வந்தால் தொடக்கத்தில் ‘வாட்’. ‘உங்க பாஸ் எப்படிப்பட்டவர்?’ என்பது பொருள். பதிலில் ‘லைக்’ வராது: ‘ஹி இஸ் ஸ்ட்ரிக்ட்.’ ‘வாட் டஸ் யுவர் பாஸ் லைக்?’ என்றால் அவருக்கு என்ன பிடிக்கும். ‘ஹவ் இஸ் யுவர் பாஸ்?’ என்பது நலம் விசாரிப்பு.

‘ஐ ஃபீல் லைக் ஈட்டிங் ஐஸ்க்ரீம்’ என்பதில் வரும் ‘லைக்’ எது?

‘ஐஸ்கிரீம் சாப்பிடணும்போல இருக்கு’ என்ற வாக்கியத்தில் வரும் ‘போல’தான் அது. அபூர்வமாக இரண்டு மொழியும் ஒரே தடத்தில் போகிற இடம். ‘ஃபீல் லைக்’ என்றதும் ‘இங்’ வர வேண்டும், ‘ஃபீல் லைக் டு ஈட்’ தவறு.

ஒருவரிடம் ‘ஐ லைக் யூ’ என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

இடத்தைப் பொறுத்தது. தனியாக, வேறெதுவும் சேர்க்காமல் சொன்னால் காதல் முன்னுரைபோலவே கேட்கும். உடன் வேலை செய்பவரிடம் ‘ஐ லைக் வொர்க்கிங் வித் யூ’ என்றால் ஒரு சங்கடமும் இல்லை.

‘லவ்’ என்ற சொல்லுக்கு நாம் அஞ்சுவது தேவைக்கு மிஞ்சியது. தமிழ்ப் பேச்சில் ‘லவ்’ என்றால் காதல் மட்டும். ஆங்கிலத்தில் ‘ஐ லவ் திஸ் பிரியாணி’, ‘ஐ லவ் மை காலேஜ்’ எல்லாம் சாதாரணம். ‘லைக்’கைவிட ஒரு படி அதிகம், அவ்வளவுதான்.

‘ஃபாண்ட் ஆஃப்’ வேறு வகை. நாள்பட்ட பாசம் அதில் இருக்கும்: ‘ஐ ஆம் வெரி ஃபாண்ட் ஆஃப் மை கிராண்ட்மதர்.’ இது வினை அல்ல, பெயரடை. அதனால் ‘ஆம், இஸ், ஆர்’ கட்டாயம் வேண்டும், ‘ஐ ஃபாண்ட் ஆஃப்’ என்று சொல்லக் கூடாது. நேற்றுப் பார்த்த செருப்புக்கு ‘ஃபாண்ட் ஆஃப்’ பொருந்தாது, அதற்கு ‘லைக்’ போதும். பள்ளிக் கட்டுரைகளில் ‘ஐ ஆம் ஃபாண்ட் ஆஃப் கிரிக்கெட்’ என்று மனப்பாடமாக வருகிறது. பிழையில்லை, கொஞ்சம் பழைய வாடை. ‘ஐ ஆம் இன்டு கிரிக்கெட்’ பேச்சுக்கு, ‘ஐ ஆம் கீன் ஆன் கிரிக்கெட்’ இரண்டுக்கும் நடுவே.

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் ‘ஐ லைக்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால் மதிப்பெண் குறையுமா?

4 முதல் 5 நிமிடம் நடக்கும் முதல் பகுதியில் ‘டூ யூ லைக்...?’ வகைக் கேள்விகள் நிறைய வரும். சொல்வளத்துக்குத் தனி மதிப்பெண் இருப்பதால் ‘என்ஜாய்’, ‘கீன் ஆன்’, ‘ரியலி இன்டு’, பிடிக்காததற்கு ‘நாட் மச் ஆஃப் எ டீ ட்ரிங்கர்’ என்று மாற்றி வையுங்கள். அதைவிட முக்கியம், ‘எஸ், ஐ டூ’ என்பதோடு நிறுத்தாமல் காரணம் ஒன்றைச் சேர்ப்பது. கனமான சொல்லைத் தேடித் தடுமாறுவதைவிட, ‘ஐ லைக் இட் வென் இட் ரெய்ன்ஸ், பிகாஸ்...’ என்று சரளமாகப் போவது மேல். இந்த ‘இட் வென்’ என்ற அமைப்பில் ‘இட்’டை விடாதீர்கள்: ‘ஐ லைக் வென் இட் ரெய்ன்ஸ்’ என்பது எழுத்து வழக்கில் குறை.

‘போஸ்ட்டுக்கு லைக் போடு’ என்பது?

‘லைக் மை போஸ்ட்.’ ஃபேஸ்புக் 2009 பிப்ரவரியில் அந்தப் பொத்தானைக் கொண்டுவந்தபின் ‘லைக்’ ஒரு செயலாகவும் ஆகிவிட்டது. அதனால் இந்தப் பொருளில் ‘ஹி இஸ் லைக்கிங் ஆல் மை ஃபோட்டோஸ்’ என்று ‘இங்’ போட்டாலும் தவறில்லை. விரலால் அழுத்திக்கொண்டே போகிறார் அல்லவா.

ஆங்கிலத்தில் ‘லைக்’குக்கு எப்போதுமே ஆள்தான் எழுவாயாக இருந்ததா?

இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு ‘உவப்பாக இருப்பது’ என்று பொருள். பிடித்த பொருள் எழுவாயாகவும், ஆள் நம் ‘எனக்கு’போல நான்காம் வேற்றுமையிலும் நின்றார்கள். ஷேக்ஸ்பியர் காலத்திலும் (1564–1616) ‘இட் லைக்ஸ் மீ’ என்ற அமைப்பு புழக்கத்தில் இருந்தது, பிறகு மறைந்தது. ‘ப்ளீஸ்’ என்ற வினையில் அந்தப் போக்கு இன்றும் தெரியும்: ‘இட் ப்ளீசஸ் மீ.’

விண்ணப்பக் கடிதத்தில் ‘ஐ வுட் லைக் டு இன்ஃபார்ம் யூ தட்’ என்று தொடங்கலாமா?

இலக்கணம் சரி. ஆனால் விடுப்பு கேட்கும் கடிதத்துக்கு அது வீண் சுமை. ‘ஐ வுட் லைக் டு டேக் லீவ் ஆன் ஃப்ரைடே’ என்று நேராகத் தொடங்குங்கள். வேலைக்கு என்றால் ‘ஐ வுட் லைக் டு அப்ளை ஃபார் தி போஸ்ட் ஆஃப்...’ ஒரு கடிதத்தில் ‘வுட் லைக் டு’ ஒரு முறை வந்தால் போதும். இரண்டாவது வேண்டுகோளுக்கு ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்...’ இருக்கிறது.